கிண்டில் பேப்பர்ஒயிட்: தொழில் நடத்துகிறவர் வாங்கலாமா?

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரித்தால் கருவியோடு படிக்கும் பழக்கமும் சேர்ந்து வெளியே வரும் என்று நம்பி வாங்கினால், கொஞ்ச நாளில் அது மேசை டிராயரில் பழைய விசிட்டிங் கார்டுகளுக்கு அடியில் போய்விடும். கிண்டில் என்பது அமேசான் விற்கும், மின்நூல் படிப்பதற்கான கருவி. நான் பேசுவது அதில் 2024-ல் வெளியான பேப்பர்ஒயிட் மாடலைப் பற்றி. இதற்கு விமர்சனங்கள் கொட்டிக் கிடக்கின்றன, பெரும்பாலும் நாவல் வாசகர்களும் கருவிப் பிரியர்களும் சொன்னவை. கோயம்புத்தூரில் நாலு சிஎன்சி மெஷினை வைத்துக்கொண்டு பம்பு கம்பெனிகளுக்கும் வால்வு கம்பெனிகளுக்கும் கடைசல் வேலை செய்து கொடுக்கிற, காலையில் ஷிப்ட் தொடங்கினால் ராத்திரி வரை போன் அடித்துக்கொண்டே இருக்கிற என்னைப் போன்ற ஆளுக்கு இது எதற்கு உதவும் என்று யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. அதனால் இது தொழில் நடத்துகிறவர்களுக்காக மட்டும். பெரிய கம்பெனி எம்.டி.யாக இருந்தாலும் சரி, எட்டுப் பேரை வைத்து வேலை வாங்குகிற பட்டறைக்காரராக இருந்தாலும் சரி.

கருவியைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடலாம். 7 அங்குலத் திரை, 211 கிராம் எடை, 16 ஜிபி இடம், யுஎஸ்பி-சி சார்ஜிங், தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் உடம்பு. எழுத்துக் கூர்மை அங்குலத்துக்கு 300 புள்ளி, அச்சுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கின்றன. மின்னூட்டம் கொடுத்தால் எது மேலே வர வேண்டுமோ அது வரும், வந்தபின் அங்கேயே நிற்கும், எழுத்தைக் காட்டுவதற்குப் பக்கம் மாறும்போது மட்டும்தான் கரண்ட் செலவு. விளக்கு, போனில் இருப்பது போல எழுத்துக்குப் பின்னாலிருந்து கண்ணில் அடிக்காமல், முன்பக்க ஓரத்திலிருந்து திரை மேல் பரவுகிறது. ராத்திரியில் மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம். பேட்டரி 12 வாரம் என்கிறார்கள். அது நாளுக்கு அரை மணி நேரம், வைஃபையை அணைத்து வைத்துப் படித்தால் வரும் கணக்கு. பேட்டரிக்காகப் போட்ட கணக்குதான், ஆனால் தொழில்காரர் ஒருவர் நிஜமாக ஒதுக்க முடிகிற நேரமும் ஏறக்குறைய அந்த அரை மணிதான் என்பது வேடிக்கை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தக் கருவியின் மிகப் பெரிய வசதி இதில் இல்லாத ஒன்று. வாட்ஸ்அப் வராது. டிஸ்பேட்ச் குரூப்பில் வண்டி நம்பர் வராது, கஸ்டமர் அனுப்பிய ரிஜெக்ஷன் போட்டோ வராது, பேமெண்ட் விழுந்த சத்தம் கூட வராது. இதே புத்தகங்களைப் போனில் கிண்டில் ஆப்பைப் போட்டு ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காமல் படிக்கலாம், அதையும் செய்து பார்த்தவன்தான் நான். போனில் படிக்க உட்கார்ந்தால் ரெண்டாவது பக்கம் முடிவதற்குள் யாராவது "அண்ணா, ட்ராயிங் அனுப்பியிருக்கேன், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று வந்து நிற்பார், அப்புறம் அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போகவே மாட்டோம். முதலாளியின் நாள் முழுக்க இப்படித் துண்டு துண்டாகத்தான் போகிறது. ஒரு கேள்வியோடு இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருப்பது என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. படிப்பதால் அறிவு வளரும் என்பதெல்லாம் இருக்கட்டும். ஒரு விஷயத்தை முடிவு வரை விடாமல் பின்தொடரும் திராணி திரும்பி வருகிறதே, அதற்குத்தான் நான் காசு கொடுத்தேன். மெஷின் வாங்குவதா வேண்டாமா, கடனை நீட்டுவதா, ஒரே கஸ்டமரை நம்பி இருப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் வேலை செய்வது அந்தத் திராணிதான்.

எங்கே படிக்கிறேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். சப்ளையராக இருக்கும் எல்லோருக்கும் ஒரு இலவச வாசிப்பு நேரம் உண்டு: கஸ்டமர் கம்பெனி ரிசப்ஷனில் பர்சேஸ் மேனேஜருக்காகக் காத்திருக்கும் நேரம். "பத்து நிமிஷத்துல கூப்பிடுறார் சார்" என்று அந்தப் பெண் சொன்னால் ஒன்றரை மணி நேரம் என்று அர்த்தம், இது ஊர் உலகத்துக்கே தெரியும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் போனை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்போம். 211 கிராம் எடையுள்ள ஒன்றை பையில் ட்ராயிங் ஃபைலோடு வைத்துக்கொண்டால் அந்த ஒன்றரை மணி நேரம் நம்முடையதாகிவிடுகிறது. இன்னொன்று, காத்திருக்கும் சப்ளையர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் கவனிப்பதில்லை, ஏதோ படித்துக்கொண்டிருந்தால் உள்ளிருந்து வருகிறவர் ஒரு நொடி நின்று பார்க்கிறார். அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்கிறார்களா என்றால் இல்லை.

என்ன படிப்பது? இங்கேதான் எனக்கும் ஆன்லைனில் "வெற்றியாளர்கள் வாசிக்கும் பத்துப் புத்தகங்கள்" என்று பட்டியல் போடுகிறவர்களுக்கும் ஒத்துப்போகாது. வாரன் பஃபெட் படிக்கிறார், பில் கேட்ஸ் தனியாக ஒரு வாரம் ஒதுங்கிப் போய்ப் படித்தார், அதனால் நீயும் படி என்பது அரைகுறையான வாதம். அவர்கள் படித்ததால் பணக்காரர் ஆனார்களா, வசதி இருந்ததால் படிக்க முடிந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் பஃபெட் எதைப் படிக்கிறார் என்று பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். அவர் வாழ்க்கையெல்லாம் படித்ததில் பெரும்பங்கு கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள். ஊக்கமூட்டும் புத்தகம் இல்லை, யாரோ வேலையாக உட்கார்ந்து எழுதிய கணக்கு. அவர் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1977-லிருந்து அவருடைய பெர்க்ஷயர் ஹாத்வே கம்பெனியின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. நல்ல ஆங்கிலம், நேரான பேச்சு, லாபம் குறைந்த வருஷத்தில் அதை எப்படிப் பங்குதாரரிடம் சொல்வது என்பதற்காகவே படிக்கலாம்.

ஆண்டறிக்கை என்றால் ஷேர் வாங்குகிறவர்களுக்கு என்று நம்மாட்கள் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கஸ்டமர் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால், அதன் ஆண்டறிக்கை பிஎஸ்இ, என்எஸ்இ என்ற பங்குச்சந்தைகளின் தளங்களில் யாருக்கும் கிடைக்கும். முன்னால் இருக்கும் வழவழப்பான படங்களையும் சேர்மன் உரையையும் தாண்டிப் போங்கள். கணக்குக் குறிப்புகளில் டிரேட் பேயபிள்ஸ் என்று ஒரு இடம் வரும், அதாவது சப்ளையர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. 2021-ல் கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைத் திருத்தியதிலிருந்து, இந்தப் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்: ஒரு வருஷத்துக்குள், ஒன்றிலிருந்து ரெண்டு, ரெண்டிலிருந்து மூன்று, மூன்றுக்கு மேல். அதிலும் சிறு குறு தொழில்களுக்குக் கொடுக்க வேண்டியது தனியாக, தகராறில் இருப்பது தனியாக. அந்த ஒரு அட்டவணையை ரெண்டு மூன்று வருஷத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், "ஃபண்ட் டைட் சார், அடுத்த வாரம் போட்டுடறோம்" என்று அக்கவுண்ட்ஸில் சொல்வது அந்த வாரத்துப் பிரச்சினையா, இல்லை கம்பெனியின் பழக்கமே அதுதானா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஆடிட்டர் அறிக்கை, தொடர்புடைய நபர்களுடனான கொடுக்கல் வாங்கல், பின்னால் தலையில் விழக்கூடிய கடன்கள் (கன்டிஞ்சன்ட் லயபிலிட்டீஸ்) என்று மூன்று இடம். புது ஆர்டர் எடுப்பதற்கு முன்னால் இந்த நாலையும் படிக்கிற சப்ளையர் எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை விரல் போதும்.

அடுத்தது, நம்மைத் தொடும் சட்டங்களை மூலத்திலேயே படிப்பது. 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் பற்றி எல்லோரும் பேசுகிறோம், 45 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும் என்பதை "45 நாள் ரூல்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சின்னச் சட்டம்தான், ரெண்டு மூன்று உட்காரலில் முடிந்துவிடும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான் அந்த 45 நாள், அதற்கு மேல் போகக் கூடாது; ஒப்பந்தம் எதுவும் இல்லை என்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி 'வங்கி விகிதம்' என்று அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. அப்படிக் கொடுக்கும் வட்டியை அந்தக் கம்பெனி வருமான வரியில் செலவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இதையெல்லாம் விட எனக்கு உபயோகப்பட்டது வேறொரு வரி: சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்துமூலம் ஆட்சேபம் வரவில்லை என்றால், டெலிவரி ஆன தேதியே ஏற்றுக்கொண்ட தேதி. மூணு மாதம் கழித்து "உங்க லாட்ல சைஸ் அவுட்" என்று சொல்லிப் பில்லை நிறுத்தும் பழக்கம் எந்த ஊர் சப்ளையருக்கும் புதிதில்லை. ஒரு கஸ்டமரிடம் இந்த வரியைக் காட்டி, சண்டை போடாமல், இனி ரிஜெக்ஷன் என்றால் 15 நாளுக்குள் மெயில் போட்டுவிடுங்கள் என்று பர்சேஸ் ஆர்டரிலேயே சேர்க்க வைத்தேன். ஆடிட்டர் சொல்ல மாட்டாரா என்றால் சொல்வார்தான், நாம் கேட்டால். கேட்பதற்கே முதலில் அப்படி ஒரு வரி இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும்: நான் மேலே சொன்ன ஆண்டறிக்கைகளுக்கு பேப்பர்ஒயிட் ஏற்ற கருவி இல்லை. அவை எல்லாம் பிடிஎஃப், ஏ4 அளவில் வடிவமைத்தவை. 7 அங்குலத் திரையில் அந்தப் பக்கம் சுருங்கி எறும்பு வரிசையாகத் தெரியும். படுக்கைவாட்டில் திருப்பிப் படித்தால் ஓரளவு பரவாயில்லை. செண்ட் டு கிண்டில் என்ற வசதியில் கிண்டிலுக்கான வடிவத்துக்கு மாற்றி அனுப்பினால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், ஆனால் அட்டவணைகள் உடைந்து எந்த எண் எந்த வருஷத்துக்கு என்றே தெரியாமல் போகும், நமக்கு வேண்டியதோ அந்த அட்டவணைதான். சட்டங்கள், கடிதங்கள், கட்டுரைகள் போன்ற வரி வரியாக ஓடும் விஷயங்கள் மாற்றினாலும் நன்றாகவே வருகின்றன. கணக்குக் குறிப்பு இருக்கும் பக்கங்களை நான் பிரிண்ட் எடுத்து பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறேன். பெரிய திரையுள்ள ஸ்க்ரைப் என்று ஒரு கிண்டில் இருக்கிறது, அதில் எழுதவும் செய்யலாம், ஆனால் அந்த விலைக்கு நான் பழைய லேசர் பிரிண்டரோடு சமாதானமாக இருந்துகொள்கிறேன்.

தமிழுக்கு வருவோம். 2016 டிசம்பரிலிருந்து கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாகக் கிடைக்கின்றன. எழுத்துரு சுத்தமாகத் தெரிகிறது, கொம்பும் காலும் இடம் மாறி நிற்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் நம் சொந்த எழுத்துருவையும் கம்ப்யூட்டர் வழியாக ஏற்றிக்கொள்ளலாம். மாதச் சந்தா கிண்டில் அன்லிமிடெட் 169 ரூபாய், அதில் தமிழ் நூல்கள் ஏராளம், நாவல் படிக்கிறவர்களுக்கு நல்ல பேரம். தொழில் சம்பந்தமாகத் தேடினால்தான் ஏமாற்றம். பங்குச்சந்தையில் சம்பாதிப்பது, காலையில் சீக்கிரம் எழுவது, எண்ணம் போல் வாழ்வது என்று இதே நாலைந்து வகைதான் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு ஃபவுண்டரி எப்படி வளர்ந்தது, ஒரு மில் ஏன் மூடியது, ஒரு குடும்பத் தொழில் மூன்றாம் தலைமுறையில் எப்படிப் பிரிந்தது என்று உள்ளே இருந்தவர் தமிழில் விரிவாக எழுதியதைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. ஊர் முழுக்க அந்தக் கதைகள் டீக்கடையில் கிடக்கின்றன, புத்தகத்தில் இல்லை. இலவசமாக வேண்டுமென்றால் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளம் இருக்கிறது, இபப் என்ற மின்நூல் வடிவிலேயே இறக்கி அனுப்பிக்கொள்ளலாம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் எல்லாம் இருக்கின்றன. குறளின் பொருட்பாலை, பள்ளிக்கூட நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆள் எடுப்பதையும் வேலையை ஒப்படைப்பதையும் பற்றிய பகுதியாக மட்டும் படித்துப் பாருங்கள். தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் அடுத்தடுத்த அதிகாரங்கள், சூப்பர்வைசர் தேடுகிற வாரத்தில் படித்தால் தனி ருசி.

"படிக்கிற முதலாளி பட்டறையைப் பார்க்க மாட்டான்" என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நடத்தியவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. மதுரையில் மில்களை எழுப்பிய கருமுத்து தியாகராசர் தமிழறிஞர், 'தமிழ்நாடு' என்று நாளிதழே நடத்தியவர். பொள்ளாச்சி நா. மகாலிங்கம் சர்க்கரை ஆலையும் போக்குவரத்தும் பார்த்துக்கொண்டே 'ஓம் சக்தி' பத்திரிகை நடத்தினார், வள்ளலாரையும் காந்தியையும் பேச வருஷந்தோறும் விழா எடுத்தார், 2014 அக்டோபர் 2 அன்று அந்த விழா நடந்துகொண்டிருக்கும்போதே காலமானார். ஜி.டி. நாயுடுவுக்குப் பள்ளிப் படிப்பு சொற்பம், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே பஸ்ஸை ஓட்டித் தொடங்கியவர், பிறகு மோட்டார் முதல் ரேசர் வரை செய்து பார்த்தார். பட்டம் இல்லாத ஒருவர் தானே கற்றுக்கொண்டுதான் அந்த இடத்துக்குப் போக முடியும். இன்றைக்கும் கோவைப் புத்தகத் திருவிழாவை நடத்துவது யார்? கொடிசியா, சிறுதொழில் முதலாளிகளின் சங்கம். அந்த அரங்கில் வழக்கமாக மெஷின் டூல் கண்காட்சி பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் புத்தக வாரத்தில் எங்கே போகிறார்கள் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

இந்தக் கருவியைச் செய்யும் கம்பெனியிடமிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று கருவியை விட உபயோகமானது. அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் 2004-ல், தன் மூத்த நிர்வாகிகள் கூட்டங்களில் பவர்பாயிண்ட் கூடாது என்று நிறுத்திவிட்டார். அதற்குப் பதில், பேச வேண்டியதை முழு வாக்கியங்களாக, அதிகபட்சம் ஆறு பக்கத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும். கூட்டம் தொடங்கியதும் யாரும் பேச மாட்டார்கள். எல்லோரும் உட்கார்ந்து அமைதியாகப் படிப்பார்கள், அப்புறம்தான் விவாதம். வீட்டிலேயே படித்துவிட்டு வரச் சொன்னால் யாரும் படிக்காமல் படித்தது போல நடிப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம், ரொம்ப சரி. எங்கள் யூனிட்டில் ஆறு பக்கமெல்லாம் நடக்காது. வாராந்திரக் கூட்டத்துக்கு முன்னால் சூப்பர்வைசர் ஒரு பக்கம் எழுத வேண்டும், தமிழில், கையால் எழுதினாலும் சரி: எந்த மெஷின் நின்றது, ஏன் நின்றது, அவர் என்ன நினைக்கிறார். முதலில் "அண்ணா, வாயால சொன்னா பத்தாதா" என்று இழுத்தார்கள். வாயால் சொல்லும்போது "டூல் பிரச்சினை" என்று முடிந்துபோன விஷயம், எழுதும்போது எந்த டூல், எத்தனை பீஸுக்கு அப்புறம், யார் செட்டிங்கில் என்று விரிந்தே ஆக வேண்டியிருக்கிறது, பாதி நேரம் எழுதி முடிக்கும்போதே காரணம் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. நான் படிக்கிறேன் என்று தெரிந்ததால்தான் அவர்கள் எழுதுகிறார்கள். முதலாளி படிக்காத இடத்தில் ரிப்போர்ட் எல்லாம் போன மாதத்து ரிப்போர்ட்டில் தேதியை மட்டும் மாற்றியதாகத்தான் இருக்கும்.

புத்தகச் சுருக்கம் தரும் ஆப்புகளைப் பற்றிக் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். பதினைந்து நிமிஷத்தில் ஒரு புத்தகம், வருஷச் சந்தா, கார் ஓட்டும்போது காதில் கேட்கலாம். ஒன்றைக் கொஞ்ச காலம் வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். எந்தப் புத்தகத்தை முழுதாக வாங்கலாம் என்று முடிவெடுக்க அது போதும், அதற்கு மேல் இல்லை. நிர்வாகப் புத்தகங்கள் பலவற்றில் ஒரு நல்ல யோசனையை இருநூற்றைம்பது பக்கத்துக்கு இழுத்திருப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அவற்றுக்குச் சுருக்கமே தாராளம். ஆனால் ஒரு கம்பெனி எப்படிச் சரிந்தது என்பதைச் சுருக்கினால் "கடன் அதிகம் வாங்கினார்கள், மூழ்கினார்கள்" என்று ஒரு வரி மிஞ்சும். அந்தக் கடனை வாங்கிய நாளில் அது எவ்வளவு புத்திசாலித்தனமாகத் தெரிந்தது, போர்டு ரூமில் யார் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள், பேங்க்காரர் எப்படிச் சிரித்துக்கொண்டே இன்னும் கொடுத்தார் என்பதெல்லாம் முழுப் புத்தகத்தில்தான் இருக்கும். அதைப் படித்தவனுக்குத்தான் தன் மேசைக்கு எதிரில் அதே சிரிப்போடு ஒருவர் வந்து உட்காரும்போது கொஞ்சம் உறுத்தும். கிண்டிலில் பெரும்பாலான புத்தகங்களுக்கு முதல் சில பக்கங்கள் இலவச மாதிரியாக வரும், வாங்கலாமா என்று பார்க்க எனக்கு இப்போது அதுவே போதுமானதாக இருக்கிறது.

அடிக்கோடு போடும் வசதி நன்றாகவே இருக்கிறது, விரலால் இழுத்தால் போதும். போட்ட கோடுகள் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்துகொண்டே வரும், கம்ப்யூட்டரில் இணைத்து எடுத்துக்கொள்ளலாம். கிண்டில் கடையில் வாங்கிய புத்தகத்தின் கோடுகள் இணையக் கணக்கிலும் தெரியும். ஆனால் கோடு போடுவது சுலபமாக இருப்பதாலேயே கண்டதற்கெல்லாம் போடத் தோன்றும், அது படித்த திருப்தியைக் கொடுக்குமே தவிர வேறு ஒன்றும் கொடுக்காது. நான் பின்பற்றுவது இதுதான்: ஒரு புத்தகம் முடிந்தால் ஆர்டர் டைரியின் பின்பக்கத்தில் மூன்று வரி, அதில் ஒன்றாவது நம் யூனிட்டில் மாற்ற வேண்டியதாக இருக்க வேண்டும். மாற்ற எதுவும் இல்லாத புத்தகமும் நல்ல புத்தகமாக இருக்கலாம், நாவல்களுக்கு நான் வரியே எழுதுவதில்லை. தொழில்காரர் நாவல் படிக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேலைக்காரன் ஏன் சொல்லாமல் நின்றுவிட்டான், பங்காளி ஏன் திடீரென்று முகம் கொடுக்கவில்லை என்பதற்கெல்லாம் நிர்வாகப் புத்தகத்தை விட நாவலில்தான் பதில் கிடைத்திருக்கிறது எனக்கு.

குறை என்று நான் பெரிதாக நினைப்பது புத்தகம் நம்முடையது இல்லை என்பது. கிண்டிலில் காசு கொடுத்து வாங்குவது படிக்கும் உரிமத்தைத்தான். 2009-ல் உரிமைப் பிரச்சினை என்று சொல்லி ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'அனிமல் ஃபார்ம்' என்ற ரெண்டு நாவல்களை, ஏற்கெனவே வாங்கியவர்களின் கருவிகளுக்குள்ளிருந்தே அமேசான் அழித்தது, பிறகு பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். 2025 பிப்ரவரியிலிருந்து, வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி கேபிள் வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்திவிட்டார்கள். தனியாளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், யூனிட் நடத்துகிறவருக்கு அப்படி இல்லை. ஒரு நல்ல புத்தகத்தைப் படித்ததும் சூப்பர்வைசரிடம் "இதைக் கொண்டு போ தம்பி, படிச்சுட்டுக் குடு" என்று நீட்ட முடியாது. அதனால் நான் ரெண்டாகப் பிரித்துக்கொண்டேன்: எனக்கு மட்டும் வேண்டியது கிண்டிலில், பையன்கள் கைக்குப் போக வேண்டியது காகிதத்தில். ராஜ வீதி விஜயா பதிப்பகத்துக்குப் போனால் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் கிடைத்துவிடும், ஆயில் கறையோடு ஸ்டோர்ஸ் ரூமில் ஒரு அடுக்கு இருக்கிறது, அதில் சில திரும்பி வருவதே இல்லை, பரவாயில்லை.

விலை 17 ஆயிரத்தை ஒட்டி வருகிறது, உறை தனி. ஒரு மாதத்தில் உடைத்துப் போடும் இன்செர்ட்டுகளின் (மெஷினில் உலோகத்தை வெட்டும் முனைகளின்) விலையோடு பார்த்தால் பெரிய தொகை இல்லை, ஆனால் படிப்பதற்கு என்று வரும்போது மட்டும் நாம் கணக்குப் பார்ப்போம். பழைய பேப்பர்ஒயிட் வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டியதில்லை. பக்கம் கொஞ்சம் வேகமாகத் திரும்புகிறது, திரை சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆடியோ புத்தகம் கேட்க ப்ளூடூத் ஹெட்செட் வேண்டும், ஸ்பீக்கர் கிடையாது. பக்கம் திருப்பப் பொத்தான் இல்லை, கட்டைவிரல் திரையில் தெரியாமல் பட்டால் பக்கம் ஓடிவிடும். கலர் இல்லை, ஆகவே வரைபடமும் கிராஃபும் நிறைந்த புத்தகத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

இன்னும் படிக்கும் பழக்கமே இல்லை, இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்றால் உடனே இதை ஆர்டர் போடாதீர்கள். முதலில் உங்கள் பெரிய கஸ்டமரின் ஆண்டறிக்கையில் அந்தப் பாக்கி அட்டவணை இருக்கும் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து, காலையில் ஷட்டர் திறப்பதற்கு முன்னால் அரை மணி நேரம், போனை வண்டி டேஷ்போர்டிலேயே விட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு மாதம் அப்படி ஓடினால் கருவிக்குப் பணம் கட்டுங்கள். ஓடவில்லை என்றால் 17 ஆயிரம் மிச்சம், அதில் அளவெடுக்க ஒரு நல்ல டிஜிட்டல் வெர்னியர் வாங்கிக்கொள்ளலாம்.